துணைத்தேற்றம் நான்கு

பெயரை அழித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.
ஊரை, பல்கலைக்கழகத்தை, நன்றியுரையை,
கோப்பின் அடிவயிற்றில் தங்கும் தேதியைக்கூட.
உத்ரெக்டிலிருந்து ஃபெம்கே எழுதுகிறாள்:
"இசைக் கணிதம், இருபத்தெட்டுப் பக்கம்.
நீங்கள் இரண்டாம் மதிப்பீட்டாளர்.
ஆறு வாரம் போதுமா?"

பிர்னோவில் மார்ச். வெப்பக்குழாய் இருமுகிறது.
கீழே டிராம் வளைவில் திரும்பும் கிறீச்சொலிக்கு
சுரம் சொல்ல முடியாது,
இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுகிறது.

மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.
வரையறைகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவன் ஒருவன்தான்.
"வாசகர் எளிதில் காணலாம்" என்று எழுதாமல்
"வாசகர் ஒரு மாலை செலவிட்டால் காணலாம்" என்று
எழுதுகிறவனும் அவனே.
கையெழுத்து இல்லாத காகிதத்தில்
கை இருந்தது.
ஓட்மார்.

ஒன்பதாம் பக்கம், துணைத்தேற்றம் நான்கு:
ஒரு சுரக்கூட்டின் உள்ளிடைவெளிகள் அனைத்தும் தெரிந்தால்
சுழற்சியும் கண்ணாடிப் பிம்பமும் நீங்கலாக
அந்தக் கூட்டு எதுவெனத் தெரியும்.

தெரியாது.

கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.
பன்னிரண்டு, ஒன்று, நான்கு, ஆறு: நாலு புள்ளிகள்.
பன்னிரண்டு, ஒன்று, மூன்று, ஏழு: இன்னொரு நாலு.
ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே குறுக்குவழியில் எண்ணினால்
ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லாத் தூரமும்
இரண்டிலும் ஒரே ஒரு முறை வரும்.
ஆனால் எப்படித் திருப்பினாலும், கண்ணாடியில் காட்டினாலும்
ஒன்று மற்றதாகாது.

இதை நாங்களாகவே கண்டோம்.
எங்களுக்கு முன்பே பலர் கண்டது என்பது
மறுநாள்தான் தெரிந்தது. அந்த இரவு தெரியாது.
ஓலோமோட்ஸ் கருத்தரங்கு முடிந்து திரும்புகையில்
ப்ரெரோவில் பனி. ரயில் மூன்று மணி நேரம் நின்றது.
பீர்க் குவளை வைக்கும் வட்ட அட்டையில்
அவன் ஒரு கடிகாரம் போட்டான்.
பின்புறத்தில் நான் ஒன்று.
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
எதிர் இருக்கைச் சிப்பாய் பொறுக்க முடியாமல் கேட்டான்:
"யார் ஜெயிக்கிறீர்கள்?"

அதிலிருந்து வளர்ந்த கட்டுரை அச்சில் வந்தபோது
தலைப்புக்குக் கீழே அவன் பெயர் மட்டும்.
என் பெயர் பதினேழாம் அடிக்குறிப்பில்:
"பயனுள்ள உரையாடலுக்கு நன்றி."
பதினோரு வருடம் ஆகிறது.

இப்போது இந்தத் துணைத்தேற்றம்.
மறந்தானா?
ஐம்பத்தாறு வயது, மறதிக்கு உரிமை உண்டு.
அல்லது, இந்தத் துறையில் மதிப்பிட
விரல்விட்டு எண்ணும் ஆட்களே இருப்பதால்
யார் மேசைக்கு வரும் என்று கணக்குப் போட்டு
ஒருத்தி மட்டுமே தட்டக்கூடிய இடத்தில்
கதவைச் சாத்தாமல் விட்டானா?
ஆதாரம் இல்லை.
ஆதாரம் இல்லாமல் நினைக்கிறவள் இல்லை நான்.
இருந்தும் இரவு பதினொன்றுக்கு
இரண்டு கூட்டையும் பியானோவில் மாறி மாறி அழுத்தினேன்,
சுவருக்கப்பால் ஹவ்லீனோவா அம்மாள்
துடைப்பக்கட்டையால் இடிக்கும் வரை.

அறிக்கை எழுதினேன்.
"துணைத்தேற்றம் 4 பிழை. எதிர்க்காட்டு இணைப்பில்.
தேற்றம் 7 இதன்மேல் நிற்கிறது, ஆகவே விழுகிறது.
பெருந்திருத்தம் தேவை."
'கட்டுரையாளர் அறிந்ததே' என்று ஒரு வரி சேர்த்தேன்,
அழித்தேன்,
சேர்த்தேன்.

அனுப்பும் பொத்தானுக்கு முன்னால் ஒரு கேள்வி,
எப்போதும் பார்க்காமலே தாண்டுவது:
கட்டுரையாளரை அறிவீர்களா?
ஆம். இல்லை.

அவனுக்கும் எனக்கும் நடுவில் உள்ள
தூரங்கள் அத்தனையும் தெரியும்.
ஒன்று விடாமல் அளந்து வைத்திருக்கிறேன்.

நெடுநேரம் கழித்து, ஆம்.

காலையில் ஃபெம்கே:
"நேர்மைக்கு நன்றி. உங்கள் அறிக்கையை நீக்கிவிட்டோம்.
வேறு யாரையாவது பரிந்துரைக்க முடியுமா?"

எனக்குத் தெரிந்து மூன்று பேர்.
இருவர் துணைத்தேற்றங்களைப் படிப்பதே இல்லை.
மூன்றாமவர் படிப்பார், சந்தோஷமாகக் கிழிப்பார்.

பதில் எழுதவில்லை இன்னும்.
அகராதிக்குள் அந்த அட்டை இருக்கிறது.
என் கடிகாரம் மேலே இருக்கும்படி வைத்ததாகத்தான் ஞாபகம்.
எடுத்துப் பார்த்தேன்.
அவனுடையது.